தீர்ப்பு வந்த பிறகு மாப்பிள்ளை கேட்டுப் போனோம்

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் ஒருவர் எனக்கு டொஃபி நீட்டினார்.

முன்பின் தெரியாத மனிதர். ஐம்பது வயது மதிக்கலாம். சட்டைப் பை வீங்கும் அளவுக்கு டொஃபி வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க அக்கா. தூக்குக் குடுத்திட்டாங்க."

நான் எடுக்கவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏன், நீங்க அவண்ட ஆக்களா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் தெருவின் அந்தப் பக்கம் யாரோ சீனவெடி கொளுத்திவிட்டார்கள். கோர்ட் மதிலில் இருந்த காகங்கள் எல்லாம் கத்திக்கொண்டு எழும்பின. ஆட்கள் கை தட்டினார்கள். சிலர் போனைத் தூக்கிப் பிடித்து, அந்தப் புகையைப் படம் எடுத்தார்கள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் யோகம். கொலை செய்யப்பட்ட பிள்ளையின் தாய். டொஃபிக்காரருக்கு அது தெரியவில்லை. பேப்பரில் வந்த படம் எப்போதோ எடுத்தது. இப்போது அவள் பாதியாக இளைத்துப் போயிருக்கிறாள். அவர் அவளுக்கும் ஒன்று நீட்டினார்.

யோகம் வாங்கிக்கொண்டாள். "நல்லா இரிங்க தம்பி" என்று சொல்லி, அதைக் கைப்பைக்குள் போட்டாள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிற நீங்கள் என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எல்லாவற்றைப் பற்றியும் எழுதுகிறீர்களே — நுளம்பு, கரண்ட் கட், கல்யாண வீட்டு ஸ்பீக்கர்… இந்த வழக்கைப் பற்றி மட்டும் ஏன் ஒரு வரி இல்லை? ஒரு வாசகர், நான் யாருக்கோ பயப்படுகிறேன் என்றே முடிவு கட்டிவிட்டார்.

பயம் இல்லை ஐயா. யோகம் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுடைய துக்கத்தில் எனக்கு ஒரு பத்தி கிடைக்கும் என்று போய் உட்கார மனம் வரவில்லை. இப்போது அவளே எழுதச் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

கொலையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாதது எதுவும் எனக்குத் தெரியாது. நடக்காதது கூட உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். யோகத்தின் மூத்த மகள் நிரோஜா, டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். அங்கே கூட வேலை செய்த ஒருவன் கல்யாணம் கேட்டான். இவள் மாட்டேன் என்றாள். ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து போனவள் வீடு வந்து சேரவில்லை. மறுநாள் வாவிக் கரையில், கண்ணா மரப் புதருக்குள் கிடந்தாள். அவனைப் பிடித்தார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. போன கிழமை தீர்ப்பு வந்தது.

அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு அவ்வளவுதானா?

அந்த வருடங்களில் இங்கே எல்லோரும் நீதிபதியாகிவிட்டார்கள். மீன் சந்தையில் எனக்குச் செத்தல் மிளகாய் போல ஒல்லியான ஒரு கொய் மீனைத் தலையில் கட்டிய ஆள், அதை வெட்டிக்கொண்டே கேட்டார்: "அக்கா, என்ன நினைக்கிறீங்க, தூக்கா, ஆயுளா?" கையில் கத்தி. நான் என்ன பதில் சொல்வது? முடி வெட்டுகிற இடத்தில் வாதம், பஸ்ஸில் வாதம், கோயில் வீதியில் வாதம். பிணை கிடைக்கும் என்று ஒருவர், கிடைக்காது என்று ஒருவர். மழை வருமா வராதா என்று வயல் வட்டையில் நின்று வானத்தைப் பார்க்கிறவர்கள் கூட இப்படிச் சண்டை பிடித்ததில்லை.

ஊர்வலம் போனார்கள். மெழுகுதிரி கொளுத்தினார்கள். காத்தான்குடி, ஏறாவூர் என்று முஸ்லிம் ஊர்களில் இருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்து நின்றார்கள். அது பொய்யான கண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்பின் தெரியாத பெண்கள் யோகத்தைக் கட்டிப் பிடித்து விம்மினார்கள்.

ஆனால் அதே நாட்களில் முகநூலில், "எங்கள் தங்கையே, உனக்காக நாங்கள்" என்ற வரிக்குக் கீழே என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "பெட்டைக்கும் ஏதும் தொடர்பு இருந்திருக்கும்." அதற்குக் கீழே இன்னொருவர்: "நெருப்பில்லாமல் புகையுமா…" 'தங்கையே' என்றும் 'தொடர்பு' என்றும் எழுதியது வேறு வேறு ஆட்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருவர் இரண்டையும் எழுதியிருந்தார். இடையில் ஒரு பகல் பொழுதுதான் போயிருந்தது.

சரி, கோர்ட்டுக்கு வருகிறேன்.

தூக்குத் தண்டனை வாசிக்கும்போது உள்ளே என்ன நடக்கும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தது இதுதான் முதல் தடவை. எல்லோரையும் எழும்பி நிற்கச் சொன்னார்கள். லைட்டை நிறுத்தினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். அதுவரை காதில் விழாமலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் சத்தம் நின்றதும், அத்தனை பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நீதிபதி வாசித்தார். கூண்டில் நின்றவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின் வரிசை வாங்கில் யாரோ ஒரு பெண் சரிந்து விழுந்தார். அவனுடைய தாய் என்று பிறகு சொன்னார்கள். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு பொலிஸ்காரியைத் தவிர யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

யோகம் அழவில்லை. அவள் உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மகளுக்காகக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் மைக்கை நீட்டினார்கள். "அம்மா, நீதி கிடைச்சிருக்கு. இப்ப எப்பிடி இருக்கு உங்களுக்கு?"

யோகம் அந்த மைக்கைப் பார்த்தாள். "ஒரு கிளாஸ் தண்ணி கிடைக்குமா?" என்றாள். அதை யாரும் ஒளிபரப்பவில்லை.

டொஃபி, சீனவெடி எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு வழியாக ஓட்டோவில் ஏறினோம். கோட்டைப் பக்கமாகத் திரும்பி, வாவிக் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"இஞ்ச பாருகா. கேஸ் முடிஞ்சிட்டுத்தானே?"

"ஓம். முடிஞ்சிட்டு."

"அப்ப தவமணியாக்களிட்டப் போவமா? வெள்ளிக்கிழமை நல்ல நாள்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. நாட்டுக்கே இது கொலை வழக்கு. கோர்ட் வாசலில் நின்ற கூட்டத்துக்குத் தூக்கா ஆயுளா என்ற கேள்வி. இவளுக்கோ இத்தனை வருடமும் இது இளைய மகளின் கல்யாணத்தை மறித்துக்கொண்டு நின்ற ஒரு தடை. அது விலகிவிட்டதா என்று என்னிடம் கேட்கிறாள். கோர்ட்டில் அவள் உதடு முணுமுணுத்ததும் இதற்காகத்தானோ என்னவோ.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவார்கள் அல்லவா? மட்டக்களப்பில் பெண் வீட்டார்தான் வெற்றிலையும் பலகாரமும் கொண்டு மாப்பிள்ளை கேட்டுப் போவோம். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு பெண்ணுடையது. தாய் மகளுக்குக் கொடுப்பது. பெண் பிள்ளை பிறந்த அன்றே தகப்பனும் தாயும் கல்லும் மண்ணும் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

யோகத்துக்குப் புருஷன் இல்லை. பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே போய்விட்டார். அவள் குவைத்துக்குப் போனாள். யாருடைய வீட்டையோ கூட்டித் துடைத்து, அமிர்தகழிப் பக்கம் மூத்தவளுக்காக ஒரு கல்வீடு கட்டினாள். சுவருக்குக் கிளிப்பச்சை அடிக்க வேண்டும் என்று நிரோஜாதான் அடம் பிடித்தாளாம். பார்த்தால் கண் கூசும். நான் கூட அதைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

அந்த வீட்டில் கொலை நடக்கவில்லை. இதை இரண்டாம் தரமும் எழுதலாம்: அந்த வீட்டில் கொலை நடக்கவில்லை. பிள்ளையின் உடலைக் கொண்டுவந்து கிடத்திய வீடு, அவ்வளவுதான். ஆனால் அன்று வந்த கமராக்கள் எல்லாவற்றிலும் அந்தக் கிளிப்பச்சைச் சுவர் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு வீடியோக்காரர்கள் வந்து கேட்டடியில் நின்று, "இதுதான் அந்த வீடு" என்று குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனார்கள். மாமாங்கத் திருவிழாவுக்கு வந்த சனம், தீர்த்தம் ஆடிவிட்டுப் போகிற வழியில் கச்சான் கொறித்துக்கொண்டு நின்று பார்த்தது. ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் சத்தமாகச் சொன்னார்: "கேஸ் வீட்டடி இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்க." அந்த பஸ்ஸில் யோகமும் இருந்தாள். எழும்பி முன்னுக்குப் போய் இறங்கினாள்.

இளையவள் வினோஜா. முன்பள்ளி ஆசிரியை. அக்காவுக்கென்று கட்டிய வீட்டை வாங்க மாட்டேன் என்று முதலில் அழுது பிடிவாதம் பிடித்தாள். யோகம் ஒருவாறு சம்மதிக்க வைத்து, அவள் பெயரில் எழுதினாள். பிறகு என்னிடம் வந்து, "நீ கச்சேரியில இரிந்தவள், உனக்கு ஆக்களத் தெரியும். ஒரு நல்ல பொடியனாப் பாருகா" என்றாள்.

பார்த்தேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முதல் எங்கள் கச்சேரி ஒஃபிசுக்கு அபிவிருத்தி உத்தியோகத்தராக வந்த கஜன் ஞாபகத்துக்கு வந்தான். கரடியனாற்றுப் பிள்ளை. குடி, சிகரெட் இல்லை. கேட்டால்தான் பேசுவான். சாதகம் பொருந்தியது. வினோஜாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது — அவள் சொல்லவில்லை, முகம் சொன்னது. கஜனின் தாய் தவமணி அப்போது சொன்னது இதுதான்: "எனக்கு விருப்பம் மிஸ். ஆனா கேஸ் முடியட்டும். கோடு கச்சேரி எண்டு அலையக்குள்ள மங்கள காரியம் வேணாம்."

நியாயம்தானே? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. யோகம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒவ்வொரு தவணைக்கும் கோர்ட்டில் போய்க் குந்தியிருந்தது அதற்காகவும்தான்.

வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். பெண் கூட வருகிற வழக்கம் இல்லை. வினோஜா அம்மாவின் சேலையை அயன் பண்ணிக் கட்டிவிட்டாள். முறுக்கும் பயித்தம் பணியாரமும் அவள் சுட்டதுதான். யோகம் செருப்பு மாட்டப் போன நேரம் என்னைக் குசினிப் பக்கம் இழுத்தாள்.

"அன்ரி, அவங்க வேணாமெண்டா வேணாம். அம்மாவக் கெஞ்ச விட்டிராதீங்க."

"சும்மா இரி புள்ள. அவங்கதான் கேஸ் முடியட்டும் எண்டு சொன்னது" என்றேன். நான் அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

கரடியனாற்றில் தவமணி வாசல் படலைக்கே ஓடி வந்தாள். யோகத்தைக் கட்டிப் பிடித்தாள். "யோகமக்கா, கடவுள் கண் திறந்திட்டார்" என்று சொல்லி அழுதாள். நடிப்பு இல்லை. நடிப்பைக் கண்டால் எனக்குத் தெரியும். கச்சேரியில் அத்தனை வருடம் சும்மா இருந்தேனா? அது உண்மையான அழுகை.

உள்ளே போனோம். சுவரில் பிள்ளையார், லட்சுமி, முருகன். அந்த வரிசையில், அதே உயரத்தில், நிரோஜா.

பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம். புதுப் பூமாலை. கீழே சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நீலச் சேலையும் மல்லிகைச் சரமுமாக, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் பிள்ளை.

"டவுனில ஊர்வலம் போனம்தானே, அண்டைக்குக் கொண்டு போன படம். பிறகு எறிய மனம் வரல்ல. சட்டம் போட்டு வெச்சிட்டன்" என்றாள் தவமணி. "ஒவ்வொரு வெள்ளியும் எண்ட கையாலதான் பூ வைக்கிற. எண்ட வயித்தில பிறக்காட்டியும் எண்ட பிள்ளைதான் அக்கா."

யோகம் கிட்டப் போய் நின்று பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "இந்தப் படம் என்னட்ட இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

தேத்தண்ணி வந்தது. நாங்கள் கொண்டுபோன பலகாரத்தைத் தட்டில் வைத்தார்கள். கஜன் வந்து ஒரு கதிரையின் நுனியில் இருந்தான். தவமணி தீர்ப்பைப் பற்றிக் கதைத்தாள். லைட் நிறுத்தியது, ஃபேன் நிறுத்தியது, அவன் தாய் விழுந்தது… கோர்ட்டுக்குள் இருந்த எங்களைவிட அவளுக்கு அதிகம் தெரிந்திருந்தது. எல்லாம் போனில் பார்த்தது.

நான்தான் பேச்சைத் திருப்பினேன். "தவமணி, நாங்க வந்த விசயம் உங்களுக்குத் தெரியும். கேஸ் முடிஞ்சிட்டு. ஒரு நல்ல நாளாப் பாத்தா…"

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றத் தொடங்கினாள்.

"அவன் அப்பீல் போடுறானாமே மிஸ்?"

"போடட்டும். அது அவண்ட கவலை. இந்த நாட்டில தூக்கு எண்டு எழுதுவாங்க, தூக்கிறது எத்தினையோ காலமா இல்ல. அதெல்லாம் முடியுமட்டும் காத்திரிந்தா வினோஜாக்குத் தலை நரைச்சிரும்."

"அதுவும் சரிதான்…" என்றாள். வெளியே எங்கேயோ உழவு மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கஜன் தன் கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சொன்னாள். "நான் மனசில வெச்சிக் கதைக்கிற ஆள் இல்ல மிஸ். பிள்ளையில ஒரு குறை சொல்ல மாட்டன். தங்கமான பிள்ளை. அந்த வீடுதான்… ஆக்கள் வந்து வந்து பாத்திட்டுப் போற வீடு. எண்ட மகன் அதில எப்பிடிக் குடியிரிக்கிற? நாளைக்கு ஒரு குழந்தை கிடைச்சா, கேஸ் வீட்டுப் பிள்ளை எண்டுதானே சொல்லுவாங்க? அத வித்துப்போட்டு வேற எங்கயும் சின்னதா ஒரு வீடு கட்டித் தந்தீங்கெண்டா, நான் இப்பவே வெத்திலைய வாங்கிறன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "தவமணி, அந்த வீட்டில ஒண்டும் நடக்கல்ல."

"எனக்குத் தெரியாதா மிஸ்? சனத்துக்குத் தெரியுமா?"

"சனம் எண்டு ஆரச் சொல்றீங்க? உங்களையும் என்னையும் விட்டா வேற சனம் எங்க இரிக்கு?"

"நீங்க டவுனில இரிக்கிற ஆக்கள். நாங்க ஊருக்குள்ள, சொந்தத்துக்குள்ள இரிக்கிற ஆக்கள்" என்றாள். அவள் சொன்னதிலும் பொய் இல்லை. அவளுடைய சொந்தக்காரர்களை எனக்குத் தெரியும்.

வினோஜா சொல்லி அனுப்பியது எனக்கு ஞாபகம் வந்தது. யோகத்தின் தோளைத் தொட்டேன். எழும்பச் சொல்லித்தான் தொட்டேன். அவள் எழும்பவில்லை. கெஞ்சவும் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ கடையில் சாமான் விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

"தவமணி, எண்ட மூத்தவள் இத்தினை காலமா உங்கட வீட்டில இரிக்கிறாள். பூ வைக்கிறீங்க, விளக்கு வைக்கிறீங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம். உங்கட மகன் எண்ட வீட்டில வந்து இரிக்க மட்டும் ஏலாதா?"

தவமணியின் முகம் கோணியது. கண்ணீர் மறுபடியும் வந்தது. இந்த முறை அவள் வந்து கட்டிப் பிடிக்கவில்லை.

"அப்பிடிக் கேக்காதீங்க அக்கா…"

"நான் கோவத்தில கேக்கல்ல." யோகம் எழும்பினாள். "படத்தத் தாங்க. நான் எண்ட பிள்ளையக் கூட்டிட்டுப் போறன்."

தவமணி எழும்பவில்லை. கஜன்தான் எழும்பினான். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி, படத்தை இறக்கி, தன் சேர்ட்டாலேயே கண்ணாடியைத் துடைத்து யோகத்தின் கையில் கொடுத்தான். அந்த வீட்டில் அன்று அவன் செய்த ஒரே காரியம் அது.

பஸ் வருகிற இடம் வரை பின்னாலேயே நடந்து வந்தான். "அன்ரி, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. அம்மாட மனச உடைச்சிட்டு எப்பிடி…" என்று என்னிடம் சொன்னான். யோகம் அவனுடைய தலையைத் தடவி, "அம்மா சொல்றதக் கேளுங்க மனே. நல்லா இரிங்க" என்றாள். எனக்கு அவ்வளவு பெரிய மனம் கிடையாது. கலியாணம் கட்டுகிற வயதில் வாய் திறக்க முடியாத ஆம்பிளையைப் பற்றி நான் நினைத்ததை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

பஸ்ஸில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிப் பக்கத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். யாராவது பார்த்து, அந்தப் பிள்ளைதானே என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம். அவள் கோர்ட்டில் அழாததை எல்லாம் அந்த பஸ்ஸில் அழுதாள். சத்தமில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்தேன்.

வீட்டில் வினோஜா எங்கள் முகத்தைப் பார்த்தாள். படத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இது சிநேகிதிட கலியாணத்தில எடுத்த. சேலை நான்தான் கட்டிவிட்ட. கொய்யகம் சரியில்லயெண்டு என்னோட சண்டை பிடிச்சிட்டுப் போனவள்… இஞ்ச பாருங்க, சிரிச்சிட்டு நிக்கிறாள்." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எத்தனை ஆயிரம் பேர் பகிர்ந்த படம்! அந்தச் சேலைக் கொய்யக மடிப்புக்காக நடந்த சண்டையைத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

கொஞ்ச நேரம் கழித்து நான் மெதுவாக, வீட்டை விற்கிறதைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"விக்க மாட்டன் அன்ரி" என்றாள். "அக்கா ஒரு பிழையும் செய்யல்ல. இந்த வீடும் செய்யல்ல. நாங்க ஏன் ஒளிச்சி ஓடணும்? வாறவர் வரட்டும். வராட்டி நானும் அம்மாவும் இரிக்கிறம்."

யோகம் அப்போதுதான் சொன்னாள், "நீ எழுதன்கா. பேப்பர்ல எழுது. எல்லாரும் என்னென்னவோ எழுதினாங்கதானே" என்று.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் கெட்ட சனமா? இல்லை. ஊர்வலத்தில் வெயிலில் நடந்தது நாங்கள்தான். அழுததும் நாங்கள்தான். ஒருவனுக்குத் தூக்கு வேண்டும் என்று கேட்பது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு எங்கள் வீட்டில் இருந்து எதையும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. செத்த பிள்ளைக்குச் சுவரில் இடம் கொடுத்தோம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்தபோதுதான் சொந்தமும் ஊரும் சனமும் ஞாபகத்துக்கு வந்தன.

தவமணியை நான் வெறுக்கவில்லை. வெறுத்தால் வசதியாக இருக்கும். ஆனால் என் மகனை இதே வீட்டுக்குக் கேட்டு வந்திருந்தால் நான் உடனே வெற்றிலையை வாங்கியிருப்பேனா? எனக்கு மகன் இல்லை. அதனால் தப்பித்தேன். மகன் இருக்கிற நீங்கள் யோசியுங்கள்.

ஆகவே, இந்த வாரம் இந்த இடத்தில் ஒரு மணமகன் தேவை விளம்பரம். தாயையும் மகளையும் கேட்டுத்தான் போடுகிறேன். "படம் மட்டும் போடாதீங்க அன்ரி" என்று வினோஜா சொன்னாள். போடவில்லை.

பெயர் வினோஜா. முன்பள்ளி ஆசிரியை. கோபம் கொஞ்சம் வரும். பயித்தம் பணியாரம் பிரமாதமாகச் சுடுவாள் — நான் சாட்சி. சாதகம் கைவசம் இருக்கிறது. சீதனம் ஒரு கல்வீடு, அவள் பெயரில். மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து இருக்க வேண்டும். நிபந்தனை அது ஒன்றுதான்.

விலாசம் போடவில்லை. அது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.